'தட்' ஒன்று, வேலை இரண்டு: ஆங்கில நவுன் கிளாஸைத் தமிழால் பிடிப்பது எப்படி?

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த இரண்டு ஆங்கில வரிகளும் அடுத்தடுத்து வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தி நியூஸ் தட் தி டோல் இஸ் குளோஸ்ட் இஸ் ஃபால்ஸ்."

"தி நியூஸ் தட் அத்தை சென்ட் இஸ் ஃபால்ஸ்."

நீங்கள் மலாக்கா மாநிலம், அலோர் காஜா மாவட்டத்துச் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறீர்கள். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏற அந்த ஊர் டோல்தான் உங்களுக்கு வாசல். முதல் வரியைப் படித்தால் வண்டியை எடுக்கலாம்: டோல் மூடியிருக்கு என்ற செய்தி பொய். இரண்டாவது வரியை மட்டும் படித்தால்? அத்தை அனுப்பிய செய்தி பொய். சரி, அத்தை என்ன அனுப்பினார்? டோலைப் பற்றியா, பள்ளி விடுமுறையைப் பற்றியா? அந்த வரிக்குள் அதற்குப் பதிலே இல்லை.

பார்ப்பதற்கு இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. 'தி நியூஸ் தட்' என்று தொடங்கி 'இஸ் ஃபால்ஸ்' என்று முடிகின்றன. ஆனால் ஒன்றில் செய்தியின் உள்ளடக்கமே வாக்கியத்துக்குள் இருக்கிறது. மற்றொன்றில் அது எந்தச் செய்தி என்ற அடையாளம் மட்டும் இருக்கிறது. தேர்வுத்தாளிலும் சரி, செய்தி படிக்கும்போதும் சரி, பலர் தடுமாறுவது இந்த வேறுபாட்டில்தான்.

இந்தக் கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். வாய்விட்டுப் படித்தால் உடனே பிடிபடும்.

அப்போசிஷன் என்றால் என்ன?

ரென் அண்ட் மார்ட்டின் மாதிரியான பழைய பள்ளி இலக்கண நூல்கள் முதல் வகைக்கு 'நவுன் கிளாஸ் இன் அப்போசிஷன்' என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயர்தான் மிரட்டுகிறது, விஷயம் எளிது. அப்போசிஷன் என்றால் ஒரே பொருளைக் குறிக்கும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது.

தமிழ் வகுப்பில் 'இருபெயரொட்டுப் பண்புத்தொகை' படித்திருப்பீர்கள். சாரைப்பாம்பு, மல்லிகைப்பூ. சாரை என்பதும் பாம்பு என்பதும் இங்கே இரண்டு உயிர்கள் இல்லை. சிறப்புப் பெயர் ஒன்று, பொதுப் பெயர் ஒன்று, பொருள் ஒன்றே. ஆங்கில அப்போசிஷனுக்கு நம் பக்கத்து உறவினர் இதுதான்.

ஊர்ப் பெயரோடு இது வந்தால் எவ்வளவு உதவும் என்று பாருங்கள். சிம்பாங் அம்பாட் என்றால் மலாயில் நாற்சந்தி. இன்றைய மலாயில் 'எம்பாட்' என்று எழுதுவதை ஊர்ப் பெயர் பழைய மாதிரி 'அம்பாட்' என்றே வைத்திருக்கிறது. நாற்சந்தி எங்கேதான் இல்லை? பினாங்கில், செபராங் பிறை பக்கம் இன்னொரு சிம்பாங் அம்பாட் உண்டு. பெர்லிசில் ஒரு சிம்பாங் எம்பாட் உண்டு. அதனால் "சிம்பாங் அம்பாட்டில் வெள்ளம்" என்று ஒரு வரி வந்தால் மலாக்கா உறவினர்களுக்கும் பினாங்கு உறவினர்களுக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கும். "சிம்பாங் அம்பாட், எ டவுன் இன் அலோர் காஜா" என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. கமாவுக்குப் பின்னால் வரும் 'எ டவுன்' வேறு ஊர் இல்லை, அதே ஊர்தான். இது பெயரோடு பெயர் ஒட்டும் அப்போசிஷன்.

இப்போது ஒட்டும் இரண்டாவது பொருளை ஒரு சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாக மாற்றுங்கள். 'தி நியூஸ்' என்பது ஒரு பெயர். 'தி டோல் இஸ் குளோஸ்ட்' என்பது ஒரு வாக்கியம். அந்தச் செய்தியும் அந்த வாக்கியமும் ஒன்றே. நடுவில் 'தட்' வைத்து ஒட்டினால் நவுன் கிளாஸ் இன் அப்போசிஷன் தயார்.

மலாக்கா திடலில் ஓர் அறிவிப்பு

இதற்கு மலாக்காவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1956 பிப்ரவரி 8-ஆம் தேதி லண்டனில் சுதந்திர உடன்பாடு கையெழுத்தானது. நாடு திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், பிப்ரவரி 20-ஆம் தேதி மலாக்கா பண்டார் ஹிலிரில் இருக்கும் திடலில் திரண்ட மக்கள் முன்னால் சுதந்திரத் தேதியை அறிவித்தார். அந்த இடத்தை இன்று பாடாங் பஹ்லாவான் என்கிறோம். பக்கத்தில், பழைய மலாக்கா கிளப் கட்டடத்தில், சுதந்திரப் பிரகடன நினைவகம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள்.

இதைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதலாம்.

"தி அனௌன்ஸ்மென்ட் தட் துங்கு மேட் இன் மலாக்கா."

"தி அனௌன்ஸ்மென்ட் தட் மலாயா வுட் பி இண்டிபெண்டன்ட் ஆன் 31 ஆகஸ்ட் 1957."

'தட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை மட்டும் வெட்டி எடுங்கள். முதலாவதில் கையில் மிஞ்சுவது 'துங்கு மேட் இன் மலாக்கா'. துங்கு மலாக்காவில் செய்தார். எதைச் செய்தார்? அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை நிரப்பும் சொல் வெளியே நிற்கும் 'அனௌன்ஸ்மென்ட்'. அதை உள்ளே கொண்டுபோய்ப் போட்டால்தான் வாக்கியம் நிறையும். இது ரிலேட்டிவ் கிளாஸ்.

இரண்டாவதில் மிஞ்சுவது 'மலாயா வுட் பி இண்டிபெண்டன்ட் ஆன் 31 ஆகஸ்ட் 1957'. இதில் குறை எதுவும் இல்லை. அப்படியே எழுதி முற்றுப்புள்ளி வைக்கலாம். ஓட்டை இல்லாததால், வெளியே நிற்கும் 'அனௌன்ஸ்மென்ட்' உள்ளே நுழைய இடமே இல்லை. அது வெளியே நின்றபடி 'நானும் இவனும் ஒன்று' என்று கை காட்டுகிறது. இதுதான் நாம் தேடும் அப்போசிஷன்.

ஓட்டை எப்போதும் நடுவில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 'தி நியூஸ் தட் கேம் யெஸ்டர்டே' என்பதில் ஓட்டை முன்னாலேயே இருக்கிறது. 'கேம் யெஸ்டர்டே', நேற்று வந்தது. எது வந்தது? செய்தி. ஆகவே ரிலேட்டிவ்.

இன்னொரு சோதனையும் உண்டு. பெயருக்கும் துணை வாக்கியத்துக்கும் நடுவில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'தி அனௌன்ஸ்மென்ட் வாஸ் தட் மலாயா வுட் பி இண்டிபெண்டன்ட்': சரியாக இருக்கிறது. 'தி அனௌன்ஸ்மென்ட் வாஸ் தட் துங்கு மேட்': உடைந்துபோகிறது.

தமிழும் மலாயும் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கின்றன

ஆங்கிலத்தை மட்டும் தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கு இந்த ஓட்டைச் சோதனைதான் முதல் வழி. உங்களுக்கு அதைவிடக் குறுக்கு வழி ஒன்று பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. அதே இரண்டையும் தமிழில் சொல்லுங்கள்.

துங்கு மலாக்காவில் செய்த அறிவிப்பு.

மலாயா 1957 ஆகஸ்ட் 31-ஆம் தேதி சுதந்திரம் பெறும் என்ற அறிவிப்பு.

முதலாவதில் 'செய்த' என்ற பெயரெச்சம் நேராக 'அறிவிப்பு' மேல் போய் விழுகிறது. இரண்டாவதில் வினைமுற்று வந்து முடிந்த பிறகு, 'என்ற' என்று ஒரு கொக்கி போட்டுத்தான் பெயரோடு மாட்டுகிறோம். எழுத்தில் 'என்ற', 'என்னும்', 'எனும்'. பேச்சில் 'ங்கிற'. "டோல் மூடியாச்சுங்கிற பேச்சு" என்று பாட்டி சொல்லும்போது, அவர் ஒரு முழுமையான நவுன் கிளாஸ் இன் அப்போசிஷனைச் சொல்லிவிட்டார். இலக்கணப் புத்தகம் எதையும் அவர் திறக்கவில்லை.

மலாயும் இப்படித்தான். 'பெங்குமுமான் யாங் டிபுவாட் ஒலே துங்கு' என்றால் துங்கு செய்த அறிவிப்பு. 'பெங்குமுமான் பஹாவா மலாயா' என்று தொடங்கினால், அடுத்து வருவது அறிவிப்பின் உள்ளடக்கம். 'யாங்' இருக்கும் இடத்தில் 'பஹாவா' போட்டால் மலாய் ஆசிரியர் உடனே சிவப்பு மை எடுப்பார். மலாய் இலக்கணப் பாடத்தில் முதலாவதை 'ஆயாட் ரெலாத்திஃப்' என்றும் இரண்டாவதை 'ஆயாட் கொம்ப்ளிமென்' என்றும் தனித்தனியாகப் படிக்கிறோம்.

ஆக, நீங்கள் பேசும் மூன்று மொழிகளில் இரண்டு இந்த வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டுகின்றன. ஆங்கிலம்தான் இரண்டுக்கும் ஒரே 'தட்' போட்டு மூடி வைக்கிறது. ஆங்கிலம் கஷ்டம் என்று நீங்கள் நினைத்தால், இந்த ஓர் இடத்திலாவது குறை உங்களிடம் இல்லை.

சோதனையை இப்படிச் சுருக்கலாம். ஆங்கில வாக்கியத்தில் பெயருக்குப் பின்னால் 'தட்' வந்தால் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வாயில் 'என்ற' வந்தால் அப்போசிஷன். 'அனுப்பிய', 'சொன்ன', 'வந்த' என்று பெயரெச்சம் மட்டும் வந்தால் பெரும்பாலும் ரிலேட்டிவ்.

'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ் சில இடங்களில் 'என்ற' இல்லாமலே காரியத்தை முடித்துவிடும். "தாத்தா இறந்த செய்தி கேட்டு எல்லாரும் ஓடி வந்தாங்க." இங்கே 'இறந்த' பெயரெச்சம்தான். ஆனால் இறந்தது செய்தி இல்லை, தாத்தா. 'தாத்தா இறந்தார்' என்பதே செய்தி. ஆங்கிலத்தில் இது 'தி நியூஸ் தட் தாத்தா ஹேட் டைட்', அதாவது அப்போசிஷன். இந்த மாதிரி இடத்தில் நடுவே 'என்ற' நுழைத்துப் பாருங்கள்: 'தாத்தா இறந்துவிட்டார் என்ற செய்தி'. பொருள் மாறாமல் நுழைந்தால் அப்போசிஷன்தான். 'அத்தை அனுப்பிய செய்தி' என்பதில் அப்படி நுழைக்க முடியாது. 'அத்தை அனுப்பினார் என்ற செய்தி' என்றால் கதையே வேறு.

எந்தப் பெயரைப் போடுகிறோம் என்பதில்தான் வில்லங்கம்

எல்லாப் பெயருக்கும் இந்த மாதிரி வால் முளைக்காது. நாற்காலிக்கோ செம்பனை மரத்துக்கோ 'தி டோல் இஸ் குளோஸ்ட்' என்று உள்ளடக்கம் இருக்க முடியுமா? சொல், நினைப்பு, தகவல் சம்பந்தப்பட்ட பெயர்களுக்குத்தான் முடியும். நியூஸ், ஃபேக்ட், ஐடியா, பிலீஃப், கிளெய்ம், ரூமர், அலிகேஷன், ப்ராமிஸ், ஹோப், ஃபியர், பாஸிபிலிட்டி, அனௌன்ஸ்மென்ட். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'தட்' வாக்கியம் அப்படியே இருக்கும்போது, முன்னால் இருக்கும் பெயரை மட்டும் மாற்றினால் முழு அர்த்தமும் புரண்டுவிடும்.

தோட்டத்து வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம். 1950-களில் மலாயாவில் ஐரோப்பியர் கைவசம் இருந்த ரப்பர் தோட்டங்கள் பல, துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் லயத்து வீடும் தோட்டத்தோடு கட்டுண்டவை. தோட்டம் கைமாறினால் இரண்டும் ஒரே நாளில் போய்விடலாம். இதைத் தடுக்கத் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கலாம் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்து லயத்தில் "தோட்டத்தை வித்தாச்சு" என்ற பேச்சு எழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பால் வெட்டப் போகலாமா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, பொட்டியைக் கட்டலாமா? எல்லாம் ஒரு பெயர்ச்சொல்லில் தொங்குகிறது.

"தி ரூமர் தட் தி எஸ்டேட் ஹேஸ் பீன் சோல்ட்": விற்றாச்சு என்ற வதந்தி. உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"தி ஃபியர் தட் தி எஸ்டேட் ஹேஸ் பீன் சோல்ட்": விற்றுவிட்டார்களோ என்ற பயம்.

"தி ஃபேக்ட் தட் தி எஸ்டேட் ஹேஸ் பீன் சோல்ட்": விற்றாச்சு என்ற உண்மை. பொட்டியைக் கட்டுங்கள்.

'ஃபேக்ட்' என்ற சொல்லின் பலத்தை அளக்க எதிர்மறையாக்கிப் பாருங்கள். "கிராணி டிட் நாட் மென்ஷன் தி ஃபேக்ட் தட் தி எஸ்டேட் ஹேஸ் பீன் சோல்ட்." கிராணி சொல்லவில்லை. ஆனாலும் தோட்டம் விற்றது விற்றதுதான். 'இல்லை' என்பது கிராணியின் பேச்சைத் தொட்டதே ஒழிய, உள்ளே இருக்கும் வாக்கியத்தைத் தொடவில்லை. அதே இடத்தில் 'ரூமர்' போட்டால், விற்றதா இல்லையா என்று வாக்கியம் வாய் திறக்காது. பால் கிப்பார்ஸ்கி, கரோல் கிப்பார்ஸ்கி என்ற இரு மொழியியலாளர்கள் 1970-ல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பே 'ஃபேக்ட்'தான். உள்ளே இருப்பது உண்மை என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் சொற்களுக்குத் தனி இலக்கண நடத்தை உண்டு என்று அதில் காட்டினார்கள்.

செய்தி அறைகளில் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு யோசிப்பது இதனால்தான். ஒருவர் பணம் எடுத்தார் என்று போலீசில் புகார் வந்திருக்கிறது. அப்போது 'தி அலிகேஷன் தட் ஹி டுக் தி மனி' என்றுதான் எழுத முடியும். நீதிமன்றம் விசாரித்து முடிவு சொன்ன பிறகு 'தி ஃபைண்டிங் தட்' என்று எழுதலாம். அவரே ஒப்புக்கொண்டால் 'தி அட்மிஷன் தட்'. விசாரணைக்கு முன்பே 'தி ஃபேக்ட் தட்' என்று எழுதினால், தீர்ப்பை நிருபரே எழுதிவிட்டார் என்று அர்த்தம். அவதூறு வழக்குக்கு அந்த ஒரு சொல் போதும்.

தமிழிலும் இதே கதைதான். 'பணம் எடுத்தார் என்ற குற்றச்சாட்டு' என்பது வேறு, 'பணம் எடுத்தார் என்ற உண்மை' என்பது வேறு. ஆனால் ஒரு செய்தி கைமாறிக் கைமாறி வரும்போது முதலில் உதிர்வது இந்தப் பெயர்தான். 'தி கிளெய்ம் தட் தி டோல் வில் குளோஸ்' என்று ஒருவர் எழுதியதை, அடுத்தவர் அவசரத்தில் "டோல் வில் குளோஸ்" என்று மட்டும் வெட்டி அனுப்புகிறார். உள்ளே இருப்பது ஓட்டை இல்லாத முழு வாக்கியம் அல்லவா? அதனால் அது தனியாக நன்றாகவே நிற்கும். உறை கிழிந்து போனது யாருக்கும் தெரியாது. ரிலேட்டிவ் கிளாஸை இப்படி வெட்டி அனுப்ப முடியாது. 'அத்தை சென்ட்' என்று மட்டும் வந்தால் எல்லாரும் "என்னது?" என்று கேட்பார்கள். பொய்ச் செய்தி பரவுவதற்கு அப்போசிஷன் இவ்வளவு வசதியாக இருப்பது ஒரு வேடிக்கைதான். மலேசியாவில் 2017 முதல் இயங்கும் 'செபெனார்ஞா' இணையத்தளத்தின் வேலையில் பாதி, உதிர்ந்த உறையைத் திரும்ப மாட்டுவதுதான் என்று சொல்லலாம்: இது செய்தி இல்லை, இன்னார் சொன்ன கூற்று.

துங்குவின் அறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மாநாட்டில் முடிவானது, இயன்றால் 1957 ஆகஸ்டுக்குள் சுதந்திரம் என்பது. அதை 'தி ஹோப் தட்' என்று எழுதலாம், 'தி அண்டர்ஸ்டாண்டிங் தட்' என்று எழுதலாம். திடலில் நின்று நாளைக் குறித்துச் சொன்ன பிறகு அது 'தி அனௌன்ஸ்மென்ட் தட்'. 1957 ஆகஸ்ட் 31 விடிந்த பிறகுதான் 'தி ஃபேக்ட் தட்'. உள்ளே இருக்கும் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றே. வெளியே இருக்கும் பெயர் ஒன்றரை ஆண்டுகளில் படிப்படியாக ஏறியிருக்கிறது.

எழுதும்போது விழும் அடிகள்

அதிகமாகப் பார்க்கும் தவறு, 'தட்' இருக்க வேண்டிய இடத்தில் 'விச்' போடுவது. 'தி நியூஸ் விச் அத்தை சென்ட்' சரி, ஏனென்றால் அது ரிலேட்டிவ். 'தி நியூஸ் விச் தி டோல் இஸ் குளோஸ்ட்' தவறு. 'விச்' என்பது ஓட்டையை நிரப்பும் சொல். ஓட்டையே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

'தட்'டை விட்டுவிடுவது அடுத்தது. 'தி நியூஸ் அத்தை சென்ட்' என்று தாராளமாக எழுதலாம். 'தி நியூஸ் தி டோல் இஸ் குளோஸ்ட்' என்று கட்டுரையில் எழுதாதீர்கள். பேச்சில் சிலர் 'தி ஃபேக்ட் ஹி இஸ் லேட்' என்று விழுங்கிச் சொல்வது உண்டு. தேர்வுத்தாளில் அந்தத் தைரியம் வேண்டாம்.

மூன்றாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. 'தி ஃபேக்ட் தட் மெனி எஸ்டேட் ஃபேமிலிஸ் மூவ்ட் டு தி டவுன்.' பல தோட்டத்துக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன என்ற உண்மை... அப்புறம்? வாக்கியம் முடியவே இல்லை. உள்ளே ஒரு வினை இருப்பதால் முடிந்த மாதிரி ஒரு பிரமை. 'ஹேஸ் சேஞ்ட் தி ஸ்கூல்ஸ்' என்று இன்னொரு வினை வந்தால்தான் அது வாக்கியம். தமிழில் முதன்மை வினை கடைசியில் வருவதால் நாம் தானாகவே காத்திருப்போம். ஆங்கிலத்தில் காத்திருக்கப் பழக வேண்டும்.

பிறகு 'டிஸ்பைட்'. 'டிஸ்பைட் தட் இட் ரெயின்ட்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. 'மழை பெய்தது என்றாலும்', 'மழை பெய்தது என்பதால்' என்று தமிழில் ஒரே சொல்லில் ஒட்டிவிடுகிறோம். 'என்பது' என்ற சொல் வாக்கியத்தையே பெயராக்கிவிடுவதால், வேற்றுமை உருபை அதன் மேல் நேராக மாட்டலாம். ஆங்கிலத்தின் 'டிஸ்பைட்', 'டியூ டு', 'பிகாஸ் ஆஃப்' போன்ற சொற்களுக்குப் பின்னால் 'தட்' நேராக வராது. நடுவில் ஒரு பெயர் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டுதான் 'தி ஃபேக்ட்': 'டிஸ்பைட் தி ஃபேக்ட் தட் இட் ரெயின்ட்'. ஆனாலும் 'ஆல்தோ இட் ரெயின்ட்' என்று மூன்று சொல்லில் முடியுமானால் அதுவே அழகு.

'என்ற' வரும் இடமெல்லாம் 'தட்' இல்லை

இதுவரை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தோம். திரும்பிப் போகும்போது கவனம் தேவை. தமிழ் 'என்ற' ரொம்பத் தாராளமான கொக்கி. எதை வேண்டுமானாலும் மாட்டும்.

'சிம்பாங் அம்பாட் என்ற ஊர்' என்பதில் 'தட்' கிடையாது. 'தி டவுன் ஆஃப் சிம்பாங் அம்பாட்'. 'பள்ளி இடம் மாறுமா என்ற கேள்வி' என்பதில் தமிழ் 'ஆ'வன்னா கேள்வியைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'தி குவெஸ்சன் வெதர் தி ஸ்கூல் வில் மூவ்'. இதுவும் அப்போசிஷன்தான், கொக்கி மட்டும் வேறு. 'எப்போது மாறும் என்ற கேள்வி' என்றால் 'தி குவெஸ்சன் ஆஃப் வென்'.

'டாக்டராக வேண்டும் என்ற ஆசை' என்பதற்கு 'தி விஷ் தட் ஐ பிகம் எ டாக்டர்' என்று எழுதினால் ஒரு மாதிரி இருக்கும். ஆசைப்படுகிறவரும் ஆகப்போகிறவரும் ஒருவரே என்றால் 'டு' போதும்: 'தி விஷ் டு பிகம் எ டாக்டர்'. வேறு வேறு ஆள் என்றால் 'தட்' திரும்பி வரும், கூடவே ஒரு விசித்திரமும் வரும். 'லயத்து வீடுகளைப் பழுதுபார்க்க வேண்டும் என்ற கோரிக்கை' என்பது 'தி டிமாண்ட் தட் தி லைன் ஹவுசஸ் பி ரிப்பேர்ட்'. 'ஆர்' இல்லை, 'பி'. தமிழில் 'வேண்டும் என்ற' வந்து, பின்னால் கோரிக்கை, கட்டளை, பரிந்துரை போன்ற பெயர் இருந்தால் ஆங்கில வினையை வெறும் வடிவில் விடுங்கள், அல்லது 'ஷுட்' சேருங்கள்.

சில சமயம் ஒட்ட வேண்டிய வாக்கியம் பெயரை விட்டுத் தள்ளி நிற்கும். 'எ ரூமர் ஸ்ப்ரெட் தட் தி எஸ்டேட் ஹேட் பீன் சோல்ட்.' நடுவில் 'ஸ்ப்ரெட்' புகுந்துவிட்டது. 'தட்' யாருடைய வால் என்று தேடினால் 'ரூமர்' என்று தெரியும். நீளமான வாலை ஆங்கிலம் பின்னுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். கமாவைப் பொறுத்தவரை, பொதுவாக வேண்டாம். எந்தச் செய்தி என்று முன்பே தெரிந்திருந்து, உள்ளடக்கத்தைச் சும்மா நினைவூட்டுகிறீர்கள் என்றால் இருபுறமும் கமா போடலாம்.

அறிஞர்களுக்குள்ளும் ஒரு சண்டை

ராண்டால்ப் குவர்க் குழுவினர் 1985-ல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் இதை அப்போசிட்டிவ் கிளாஸ் என்றது. 2002-ல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் கேம்பிரிட்ஜ் இலக்கண நூல் அதை ஏற்கவில்லை. இது ஒட்டு இல்லை, அந்தப் பெயருக்கு வேண்டிய நிரப்பி என்று சொல்லி, வாக்கியத்துக்குக் கான்டென்ட் கிளாஸ் என்று பெயர் வைத்தது. பெயருக்காக ஒரு சண்டையா என்று தோன்றலாம். ஆனால் 'எவிடென்ஸ் தட் ஹி லைட்' என்பதை எடுத்துப் பாருங்கள். அவர் பொய் சொன்னார் என்பதுதான் எவிடென்ஸா? இல்லை. எவிடென்ஸ் என்பது ஒரு ரசீது, ஒரு வீடியோ. அது பொய்யைக் காட்டுகிறது, பொய்யே அது இல்லை. இரண்டும் ஒரே பொருள் இல்லை என்றால் இருபெயரொட்டு எப்படிப் பொருந்தும்?

தமிழ் இங்கேயும் ஒரு படி முன்னால் நிற்கிறது. 'பொய் சொன்னார் என்ற செய்தி' என்போம், 'பொய் சொன்னார் என்ற ஆதாரம்' என்று பொதுவாகச் சொல்வதில்லை. 'பொய் சொன்னார் என்பதற்கான ஆதாரம்' என்று கொக்கியை மாற்றிவிடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு ஹடில்ஸ்டன், புல்லம் பக்கம். தேர்வில் எந்தப் பெயரைக் கேட்டாலும் அதை எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம்.

இப்போது ஒரு வரி உங்களுக்கு. "தி மெசேஜ் தட் ஹி ஃபர்காட் அப்செட் ஹெர்." ஓட்டைச் சோதனை செய்து பாருங்கள், மாட்டிக்கொள்வீர்கள். 'ஹி ஃபர்காட்' என்பது தனியாகவும் நிற்கும், எதையோ மறந்தார் என்று ஓட்டையோடும் நிற்கும். அவர் சொல்ல மறந்துபோன தகவல் அவளை வருத்தியதா? அவர் மறந்துவிட்டார் என்ற தகவல் வந்து வருத்தியதா? ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் தலையாட்டும். தமிழில் எழுத உட்கார்ந்தால், எது என்று முடிவு செய்யாமல் பேனா நகராது.